ஜிப்பக்கா சந்து

பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் எல்லார் வீடும் இருந்தது. ஜிப்பக்காவின் வீடு மட்டும் இல்லை.

முதலில் அவள் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். வலது பக்கம் சலவைக்கடை, எண் நாற்பத்தொன்று. இடது பக்கம் டயர் கடை, எண் நாற்பத்திரண்டு. ரெண்டுக்கும் நடுவில், அவள் வீடு இருக்க வேண்டிய இடத்தில், மஞ்சளாக ஒரு கோடு. கோட்டின் மேல் பொடி எழுத்தில் 'ஜிப்பக்கா சந்து' என்று எழுதியிருந்தது.

அவளுடைய சொந்தப் பெயர் புருஷனுக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும். பள்ளிப் பையிலிருந்து பெரிய சூட்கேஸ் வரைக்கும் பல் போன ஜிப்பை எல்லாம் பிரித்து மாற்றிக் கொடுக்கிறவள், அதனால் ஜிப்பக்கா. பத்தொன்பது வருஷமாக முன்னறையில் தையல் மிஷின் ஓடுகிறது. அதே பத்தொன்பது வருஷமாகத் தெருமுனைக் குழாயிலிருந்து தினம் எட்டுக் குடம் தண்ணீர் தூக்குகிறாள். இப்போது முழங்கால் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அடுப்புக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு குழாய் வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. மாளிகையா கேட்டாள்?

நகராட்சி இந்த வருஷம்தான் மனசு வைத்திருந்தது. அதுவரை அதன் வரைபடத்தில் இந்தக் குடியிருப்பு முழுக்க ஒரு பச்சைத் திட்டு, 'காலியிடம்' என்று. நாலாயிரம் பேர் காலியிடத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்! கல்லூரிப் பிள்ளைகளை விட்டு முதலில் ஒழுங்காக ஒரு வரைபடம் போடுவது, வரைபடத்தில் இருக்கிற வீட்டுக்கெல்லாம் எண் தருவது, எண் இருக்கிற வீட்டுக்கெல்லாம் குழாய் போடுவது என்று முடிவாயிற்று. வரைபடத்தில் இல்லாத வீட்டுக்கு எண் இல்லை, எண் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. இது எல்லாருக்கும் மனப்பாடம்.

"இது என்ன கோடு?" என்றாள் ஜிப்பக்கா, விரலைச் சுவரில் குத்தி.

வரைபடத்துக்குப் பக்கத்தில் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி சுருட்டைமுடிப் பெண். குடியிருப்பில் அவளுக்கு மேப்புப் பொண்ணு என்று பெயர் விழுந்திருந்தது. இன்னொருவன் நெட்டையாக இருப்பான். போனை ஒரு கம்பு நுனியில் கட்டித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ரெண்டு மாதமாகச் சந்து சந்தாக நடந்தவன், அதனால் கம்புத் தம்பி. நடந்த வழியெல்லாம் போனில் கோடாகப் பதிவாகுமாம்.

"அது சந்துங்க. ரொம்ப முக்கியமான சந்து" என்றான் கம்புத் தம்பி பெருமையாக. "காலையில ஒரு மணி நேரத்துல எழுபத்தி மூணு பேர் நடந்தாங்க. நாங்களே உட்கார்ந்து எண்ணினோம்."

"எங்க உட்கார்ந்து?"

"சந்து ஓரத்துல ஒரு பெஞ்சு இருந்துச்சு."

"அது என் வீட்டு பெஞ்சுடா!"

மேப்புப் பொண்ணுக்கு முகம் வெளுத்தது. நோட்டைப் புரட்டி வாசித்தாள். "அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர். தரை சிமெண்ட். கூரை உண்டு, வெயில் மழைக்குப் பாதுகாப்பு. விளக்கு உண்டு. இடையூறு, ஒரு கட்டில். கட்டிலில் ஒருவர்."

"அந்த ஒருவர் என் புருஷன்! ராத்திரி வாட்ச்மேன் வேலை. பகல்ல தூங்காம நடனமா ஆடுவாரு?"

"யாரோ வழிப்போக்கர் அசதியில படுத்திருக்காருன்னு நெனச்சோம் அக்கா."

"அடுப்பு இருந்துச்சே, அது கண்ணுல படலையா?"

"டீக்கடைன்னு நெனச்சோம்" என்றாள் அந்தப் பெண், குரல் உள்ளே போய். "நீங்க டீ குடுத்தீங்க. காசு வேணாம்னு சொன்னீங்க. புதுசாத் திறந்த கடை போலன்னு..."

"வீட்டுக்கு வந்த பிள்ளைங்களுக்கு டீ குடுத்தது என் தப்பா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையில் குடியிருக்கிற ஃபிரிட்ஜ் மெக்கானிக் முன்னால் வந்து கை கூப்பினான். "அக்கா, யாருக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை? தலைவருங்களுக்கெல்லாம் செத்த பிறகுதான் தெருவுக்குப் பேரு வெப்பாங்க. உனக்கு உசுரோட இருக்கும்போதே வெச்சிட்டாங்க!"

அவனை அவள் பார்த்த பார்வையில் அவன் கூட்டத்துக்குள் மறுபடி மறைந்துபோனான்.

பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. கதை கொஞ்சம் பழசு. முன்வரிசை வீடுகள் ஒன்றோடொன்று சுவரை ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கின்றன. அதற்குப் பின்னால் ஒரு வரிசை, முப்பத்தெட்டு வீடு. அதற்கும் பின்னால் கால்வாய். பின்வரிசைக்காரர்கள் தெருவுக்கு வர ஒரே ஒரு இடுக்குதான் இருந்தது, சலவைக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒன்பதடி. புதுசாகக் கல்யாணம் ஆன வாட்ச்மேன், கையில் காசில்லாமல் அந்த இடுக்கைப் பார்த்தான். ரெண்டு பக்கமும் அடுத்தவன் சுவர் இலவசம். மேலே தகரம் போட்டு, முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு வைத்தான். வீடு ஆகிவிட்டது. ஆனால் பின்வரிசைக்காரர்களின் கால் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முன்கதவில் நுழைந்து, மிஷினைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்கதவு வழியாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். கால்வாய்ப் பக்கமாகச் சுற்றினால் இருபது நிமிஷம். இப்படி வந்தால் இருபது எட்டு.

ஜிப்பக்காவும் பத்தொன்பது வருஷமாகத் திட்டித் தீர்த்துவிட்டாள். "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் ஓடும். போகிறவர்கள் "ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அப்படிப் போகிற கையோடு பல் போன ஒரு பையையும் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள்.

பிள்ளைகளுக்கு அவர்களுடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கால் எங்கே போகுதோ அங்கே கோடு. அவர்கள் காலைப் பார்த்தார்கள், கோடு போட்டார்கள். மேலிருந்து எடுத்த படத்திலோ சலவைக்கடை, இவள் வீடு, டயர் கடை மூன்றும் ஒரே தகரமாகத் தெரிந்தது.

"சனிக்கிழமை வந்து மாத்திடறோம் அக்கா, சத்தியமா" என்றாள் மேப்புப் பொண்ணு.

சனிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் வரைபடம் எல்லார் போனுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் ஜிப்பக்கா ஒரு பையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் ஒன்று வாசல்படியேறி வீட்டுக்குள் வந்தது. பின்னாலேயே பார்சல் கொடுக்கிற பையன். அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பெண் குரல், "நேராகச் செல்லவும்" என்றது.

"நேரா போனா எங்க போவே? என் புருஷன் மேலயா ஏத்துவே?"

"மேப்புல வழி காட்டுதுங்களே" என்று அவன் போனை நீட்டினான். போன் மறுபடியும் நேராகச் செல்லச் சொன்னது. சத்தம் கேட்டுக் கட்டிலில் இருந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஹாரன் அடிச்சுட்டு வா தம்பி" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். ஜிப்பக்கா துணி அளக்கிற ஸ்கேலை எடுத்ததும் பையன் வண்டியைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை விளக்குமாறோடு ஒருவர் வந்தார். நகராட்சித் துப்புரவுக்காரர். கையில் பட்டியல். "புதுசாச் சேர்த்திருக்காங்கம்மா, ஜிப்பக்கா சந்து. முன்பக்கத்துலேர்ந்து பின்பக்கம் வரைக்கும் தினம் ஒரு தடவை பெருக்கணும்" என்றார். பாவம், யாரோ கொடுத்த பட்டியல், அவர் என்ன செய்வார்? அவள் வாய்க்கு வந்தபடி கத்தக் கத்த அவர் பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டே போனார். பாதித் தூரம் போனதும் ஜிப்பக்கா கத்துவதை நிறுத்தினாள். "வந்தது வந்துட்டீங்க, அந்தக் கட்டிலுக்கு அடியிலயும் கொஞ்சம் பாருங்க" என்றாள். வியாழக்கிழமை அவர் அரைமணி தாமதமாக வந்ததற்கு ஒரு பாட்டம் திட்டும் வாங்கினார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. பெருக்கிக்கொடுக்க ஆள் வந்தால் ஆயிற்றா? முழங்கால் வலிக்கு அது பதிலா? சலவைக்கடை வாசலில் எண் பலகை அடித்துவிட்டார்கள், டயர் கடையிலும் அடித்துவிட்டார்கள். இவள் வாசலில் பலகை அடிக்கிறவன் நின்று, பட்டியலைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு நடந்துபோனான். அன்றைக்கு எட்டாவது குடத்தை இறக்கிவைத்தபோது அவளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

சனிக்கிழமை மேப்புப் பொண்ணும் கம்புத் தம்பியும் சொன்னபடி வந்தார்கள். தையல் மிஷினை ஒதுக்கி, அதன் பலகைமேல் லேப்டாப்பைத் திறந்துவைத்தார்கள். அந்தப் பெண் மஞ்சள் கோட்டின் மேல் அம்புக்குறியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினாள். சந்து போயிற்று. அப்புறம் நாலு மூலைக்கும் நாலு புள்ளி வைத்து ஒரு கட்டம் வரைந்தாள். கட்டத்துக்குள் '41 அ' என்று தட்டினாள்.

"இதோ அக்கா, உங்க வீடு."

ஜிப்பக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கடுகளவு கட்டம்தான். ஆனால் பார்த்ததும் நெஞ்சு விம்மிப் போயிற்று. "சமையல்கட்டு எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள். அந்தப் பெண் காட்டினாள்.

அப்போதுதான் கம்புத் தம்பி, "ஐயையோ" என்றான்.

பின்வரிசையில் வீடுகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தன. முதலில் நாலு, அப்புறம் பத்து, அப்புறம் மொத்தம் முப்பத்தெட்டும்.

"என்ன ஆச்சு? தீப் பிடிச்சிருச்சா?" என்றாள் ஜிப்பக்கா.

மேப்புப் பொண்ணு தலையை ஆட்டினாள். "இல்லக்கா. நகராட்சியில ஒரு விதி இருக்கு. மூணடிப் பாதை வீடு வரைக்கும் போனாத்தான் குழாய் போடுவாங்க. கால்வாய்ப் பக்கம் ஒண்ணரை அடிதான் இருக்கு. உங்க சந்து போயிட்டா அவங்களுக்குப் பாதையே இல்ல. அப்ப அவங்க எல்லாரும் ரெண்டாம் கட்டத்துக்குப் போயிடுவாங்க."

"ரெண்டாம் கட்டம் எப்போ?"

"மனு குடுத்து முதல் கட்டம் வரவே பதினொரு வருஷம் ஆகியிருக்கு" என்றான் கம்புத் தம்பி.

மேப்புப் பொண்ணு விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு, "சேமிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டாள்.

ஜிப்பக்கா தன் முழங்காலைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாக வீட்டுக்குள் நடந்த அத்தனை செருப்பையும் நினைத்தாள். ஒருத்தராவது, ஒரே ஒரு நாளாவது, "அக்கா, குடத்தைக் குடு, நான் தூக்கியாறேன்" என்று சொன்னதுண்டா? வழியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். கோபம் சுர்ரென்று ஏறியது.

"சேமி" என்றாள்.

விஷயம் பின்வரிசைக்குப் போக அரைமணி கூட ஆகவில்லை. சண்டைக்கு வருவார்கள் என்று ஜிப்பக்கா தயாராகத்தான் இருந்தாள். பதில்களை எல்லாம் அடுக்கிவைத்திருந்தாள். யாரும் வரவில்லை. அதுதான் பிரச்சினை. ஒருத்தரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கமாக ரயில் ஓடுகிற மாதிரி இருக்கும் வீடு கப்சிப்பென்று கிடந்தது. பின்கதவைத் திறந்து பார்த்தாள். பின்வரிசை மொத்தமும் கால்வாய் ஓரமாக ஒற்றை வரிசையில், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற நர்ஸ், வெள்ளைச் சீருடையைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ஏய் தங்கச்சி! இந்தப் பக்கம் வாடி!"

"வேணாம்க்கா. அது வீடு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள நாங்க எப்படி வர்றது?"

ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒரு முழு ஃபிரிட்ஜை முதுகில் கட்டிக்கொண்டு அந்த ஒண்ணரை அடியில் பக்கவாட்டில் நகர்ந்தான். "டேய், விழுந்து தொலையாதே, உள்ள வா!" என்று கத்தினாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே, "கதவு எண் நாற்பத்தொண்ணு அ-வுல இருக்கறவங்க தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க, எனக்குக் கால் வழுக்குது" என்றான்.

திங்கட்கிழமை ஒரு பைகூட வரவில்லை. வழியே போகாதவர்கள் பையை எங்கே வைப்பார்கள்? செவ்வாய்க்கிழமை, யார் வீட்டில் யாருக்குச் சண்டை, எந்த வீட்டுக்கு விருந்தாள் வந்தது என்று ஒன்றும் தெரியாமல் அவளுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டில்காரர். வேலை முடிந்து வந்து படுத்தவர் புரண்டார், எழுந்தார், மறுபடியும் படுத்தார். கண் சிவந்துவிட்டது.

"என்ன வந்துச்சு உங்களுக்கு?"

"தூக்கம் வரலை. ஒரே அமைதியா இருக்கு" என்றார் வாட்ச்மேன். "யாராவது நாலு பேரு நடந்தாத்தான் கண்ணு சொக்கும்."

"நல்லாயிருக்கு நீங்க பேசறது!"

கத்தினாளே தவிர அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. புதன்கிழமை காலை நர்ஸ் கால்வாயில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ரெண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போவதைப் பின்கதவில் நின்று பார்த்தபோது ஜிப்பக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தன் வீடு, தன் எண், தன் குழாய், இதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல வெட்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. போனை எடுத்து மேப்புப் பொண்ணைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கோட்டைத் திரும்பப் போடு."

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்று அந்தப் பெண் படபடவென்று பேசினாள். "ரெண்டு நாளாத் தேடிக் கண்டுபிடிச்சிட்டேன். கட்டடத்துக்குள்ள போற வழின்னே ஒரு வகை இருக்கு. வீட்டையும் வரையலாம், அதுக்குள்ள கோட்டையும் போடலாம். ரெண்டும் இருக்கும். நாளைக்குக் குழாய் எஞ்சினியர் நேர்ல பார்க்க வர்றாரு. அவரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ரெண்டும் இருக்குமா? என் வீடும்?"

"உங்க வீடும் அக்கா!"

அன்றைக்கு ஜிப்பக்கா ஒரு வாரத்துக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டாள்.

குழாய் எஞ்சினியர் ஒல்லியான மனிதர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு அட்டை, அதில் ஒரு படிவம், இடுப்பில் ஒரு டேப்போடு வந்து நின்றார். முன்வாசலில் தெருவே திரண்டிருந்தது. பின்வாசலில் பின்வரிசை முழுக்க நின்றது, ஒருத்தரும் படியேறாமல். நர்ஸை ஒரு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மேப்புப் பொண்ணு லேப்டாப்பை நீட்டி மூச்சுவிடாமல் விளக்கினாள். எஞ்சினியர் கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா என் படிவத்துல ரெண்டு கட்டம் இருக்கு. வீடா, வழியா? ஏதாவது ஒண்ணுல டிக் போடணும்."

"ரெண்டுலயும் போடக் கூடாதா சார்?"

"ரெண்டுலயும் போட்டா கம்ப்யூட்டர் எடுக்காது. விதி." அவர் ஜிப்பக்காவிடம் திரும்பினார். "நீங்கதான் இங்க இருக்கறவங்க. நீங்களே சொல்லுங்கம்மா. இது வீடா, வழியா?"

கம்புத் தம்பி தரையைப் பார்த்தான். மேப்புப் பொண்ணு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜிப்பக்கா அடுப்படியைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கி, "உன் இஷ்டம்" என்கிற மாதிரி கையை விரித்தார்.

வீடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். பின்வாசலில் அந்த வீங்கின கணுக்கால் தெரிந்தது.

"வழிதான்" என்றாள் ஜிப்பக்கா. குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் சத்தமாகச் சொன்னாள். "வழின்னே எழுதுங்க! பத்தொன்பது வருஷமா வழியாத்தான் இருக்கு. நான்தான் வீடுன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"அக்கா!" என்றாள் நர்ஸ்.

"நீ பேசாதே. காலைத் தரையில வைக்காதேன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

எஞ்சினியர் 'வழி' என்ற கட்டத்தில் டிக் போட்டார். மேப்புப் பொண்ணு சுவர்ப் பக்கமாகத் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். அவர் அதை எல்லாம் கவனித்த மாதிரி தெரியவில்லை. டேப்பின் நுனியைக் கம்புத் தம்பியிடம் கொடுத்து, "அந்த முனையில பிடி" என்றார். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் அளந்தார்.

"பன்னிரண்டு மீட்டர் நாற்பது" என்று எழுதினார். பிறகு படிவத்தைத் திருப்பினார். "பத்து மீட்டருக்கு மேல நீளமான பொதுச் சந்துக்கு ஒரு பொதுக் குழாய் உண்டு. விதி எண் இருபத்தாறு. சந்தோட சரிபாதியில வைக்கணும்."

யாருக்கும் உடனே புரியவில்லை. அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஆறு மீட்டர் இருபது வரைக்கும் நடந்தார். மிஷினைத் தாண்டினார், கட்டிலைத் தாண்டினார். நின்றார். குனிந்து சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அடுப்புக்கும் பாத்திரத் தட்டுக்கும் நடுவில் விழுந்தது அது.

"இங்க" என்றார்.

மேப்புப் பொண்ணு திரும்பிப் பார்த்தாள். கண்ணை அகல விரித்தாள். "சார், பின்வரிசையில எல்லா வீட்டுக்கும் தனித்தனியாக் குழாய் வந்துடும். அப்போ இந்தப் பொதுக் குழாயில யாரு தண்ணி பிடிப்பாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? சந்துல யாரு இருக்காங்களோ அவங்க பிடிப்பாங்க." எஞ்சினியர் அடுப்பைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "சந்துல யாரோ அடுப்பு வெச்சிருக்காங்க. வைக்கக் கூடாது. ஆனா அது வேற டிபார்ட்மெண்ட்." கையெழுத்தைப் போட்டுவிட்டு, அட்டையை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். கடைசிவரைக்கும் சிரிக்கவில்லை. தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று குடியிருப்பில் இன்றைக்கும் ரெண்டு கட்சி உண்டு.

அவர் தெருவைத் தாண்டுகிறவரைக்கும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் ஃபிரிட்ஜ் மெக்கானிக் போட்ட விசிலில் தகரக் கூரை அதிர்ந்தது.

ஏழு வாரம் ஆயிற்று. குழி தோண்டினார்கள், குழாய் புதைத்தார்கள், சிமெண்ட் பூசினார்கள். வீட்டுக்குள் நடந்த வேலை, அதனால் ஒரு மாதம் சோற்றில் மண் கடிபட்டது. வேலைக்காரர்களுக்கு ஜிப்பக்காவிடமிருந்து டீயும் கிடைத்தது, திட்டும் கிடைத்தது. மேப்புப் பொண்ணு தன் வரைபடத்தில் கட்டத்தையும் வரைந்து கோட்டையும் போட்டாள், அவள் வரைபடத்துக்கு அந்தப் படிவத்தின் தொல்லை இல்லை. பின்வரிசைக்காரர்கள் பழையபடி நடந்தார்கள். பைகள் வந்தன. வாட்ச்மேன் குறட்டை விட்டுத் தூங்கினார்.

தண்ணீர் திறக்கிறோம் என்று சொன்ன நாள் காலையில் ஜிப்பக்கா குழாய்க்கு முன்னால் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் காற்று சீறியது. அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம் துப்பியது. அப்புறம் தண்ணீர் கொட்டியது. மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். சின்னப் பிள்ளை விளையாடுகிற மாதிரி இருந்தது அவளுக்கே. குடம் நிறைந்தது.

பத்தொன்பது வருஷப் பழக்கம். ஒரு கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்து, முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து இடுப்புக்கு ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நடப்பதற்காக ஒரு எட்டு வைத்தாள்.

ரெண்டாவது எட்டு வைக்க இடமில்லை. அடுப்பு வந்துவிட்டது.

குடத்தோடு அப்படியே நின்றாள். எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது முழங்காலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெதுவாகக் குடத்தை இறக்கிவைத்தாள். அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

பின்கதவு வழியாக வந்த நர்ஸ் நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் மெக்கானிக், அவனுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், காலை அவசரத்தில்.

"என்னக்கா, நடுவழியில உட்கார்ந்து அழுவுறே?"

"என் சந்து, நான் எங்க வேணாலும் உட்கார்ந்து அழுவேன்" என்றாள் ஜிப்பக்கா, கண்ணைத் துடைக்காமலே. "தாண்டிப் போங்க."